நேரில் கண்டு சரிபார்த்தேன்

பீடோங் பாசாருக்குப் பின்னால்
கையுறைத் தொழிற்சாலையின் இரண்டாம் வாசல்.
திங்கள் என்றால் எட்டு மணிக்குப் புது ஆட்கள்.
என் மேசையில்
அட்டை சொருகும் கருவி,
பெருவிரல் வைக்கும் கண்ணாடி, அதைத் துடைக்க ஈரத்துணி.
எல்லாப் படிவத்தின் அடியிலும்
என் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரே வரி:
நேரில் கண்டு சரிபார்த்தேன்.

முகத்தைப் பாருங்கள் என்பார்கள் பயிற்சியில்.
பதினோரு வருடத்தில் தெரிந்துகொண்டேன்,
முகம் உதவாது.
வெயிலில் செம்பனைக் குலை வெட்டியவன்
தன் அட்டையிலிருக்கும் பையனுக்குச்
சித்தப்பா போல் வந்து நிற்பான்.
பெயரும் உதவாது.
பதிவிலாகாவில் எவர் காதிலோ
வேலம்மை 'வெலமா' என்று விழுந்துவிட,
அந்த எழுத்துப்பிழையின் கணக்கில்தான்
மாதா மாதம் சம்பளம் ஏறுகிறது.

நான் கேட்பது பிறந்த தேதியை.

நிஜமான ஆள் திணறுவான்.
"அட்டையில சனவரி ஒண்ணுன்னு இருக்கு.
ஆனா அம்மா சொன்னது
ரெண்டாவது டிவிசன்ல வெள்ளம் வந்தப்ப,
தீபாவளிக்கு நாலு நாளு முன்னாடி…"
இரவல் தேதிக்குத் திணறல் கிடையாது.
வாய்ப்பாடு போல வரும்.

இன்று மூன்றாவது ஆள்
கடப்பிதழ்படி ஷாபுதீன் மொல்லா, இருபத்தாறு.
பெர்மிட் செல்லும். மருத்துவச் சான்று உண்டு.
முத்திரைகள் முழு வட்டம்.
தேதி கேட்டேன்.
நான் வாய் மூடுமுன் மலாயில் சொல்லிவிட்டான்,
நாள், மாதம், வருடம்,
கேட்காமலே கடப்பிதழ் எண்ணும்.
படத்தில் இடது காதோரம் ஒரு மச்சம்.
அவன் காதோரம்
வியர்வை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.
கதவருகே ஏஜெண்ட் கொக் வெய்
கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை.
தாளைக் கொஞ்சம் ஓரமாக வைத்தேன்.

நான்காவது, குணவதி.
தோட்டப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.
அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.
இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

வயது?
"நாப்பத்தொண்ணு… இருங்க, ரெண்டு."
ஊர்?
"இங்கதான்" என்றாள்,
பிறகு எதையோ திருத்துவது போல
"இங்கயேதான்."
கேட்காமலே பெருவிரலைக் கால்சட்டையில் துடைத்து
நீட்டிக்கொண்டிருந்தாள்.
களைக்கொல்லி அடித்த கை. ரேகை மழமழவென்று.
அட்டையைச் சொருகத் தேவையே இருக்கவில்லை.
நிறம் போதும்.
பச்சை.

அப்பா பதியவில்லை. பதிந்தபோது ஒன்பது வயது.
மனு போட்டது ஐந்து தடவை,
ஆறாவது புத்ராஜெயாவில் இருக்கிறது.
என் தலைக்குப் பின்னால் சுவரில்
நிர்வாகம் ஒட்டிய தாள்:
நீலம் எடுக்கலாம், சிவப்பு எடுக்கலாம்,
பச்சை எடுப்பதில்லை.
அவள் அதை எனக்கு முன்பே படித்திருந்தாள்.

குணவதி குணவதிதான்.
எனக்கு ஐயமில்லை, எவருக்கும் இல்லை.
படிவம் கேட்பது அதை இல்லை.

"சரிங்க" என்று எழுந்தாள்.

ஓரமாக வைத்த தாளை எடுத்து
வரியின் மேல் பேனாவை ஊன்றினேன்.
யோசித்த நேரத்தில்
மை ஊறி ஒரு புள்ளியாகிவிட்டது.
அதற்குப் பக்கத்திலேயே
கையெழுத்துப் போட்டேன்.
மொல்லாவோ யாரோ
ஒரு பெரிய மூச்சு விட்டதை நேரில் கேட்டேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

வாசல் வரை போன குணவதி திரும்பி வந்தாள்.
"அந்த போட்டோஸ்டேட்டக் குடுத்திடுங்க.
ஒரு தாளு இருபது காசு.
சுங்கை லாலாங் ரோட்டுல
இன்னொரு கம்பெனி ஆள் எடுக்குதாம்."

ஸ்டேப்லர் கம்பியை நகத்தால் நெம்பி
நான்கு தாள்களையும் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு
ஒவ்வொன்றாக எண்ணினாள்,
முன்பக்கம், பின்பக்கம்,
எதுவும் என்னிடம் தங்கிவிடவில்லை என்று
நான் பார்க்கப் பார்க்கச்
சரிபார்த்தாள்.